பாரிஸுக்கு ஏன் 106 ஆண்டுகள் மேயர் இல்லை?

பாரிஸில் வாழும் ஈழத்தமிழர் யாரைக் கேட்டாலும் இரண்டு அலுவலகங்களைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்று மேரி, அதாவது நகராட்சி அலுவலகம். கல்யாணப் பதிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கே. இன்னொன்று பிரிஃபெக்சர். வதிவிட அட்டைக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போவது அங்கே. மேரியில் தலைமை நாற்காலியில் இருப்பவர் மக்கள் ஓட்டில் வந்தவர். பிரிஃபெக்சரில் இருக்கும் பிரிஃபெக்ட் மேலிருந்து நியமிக்கப்பட்டவர், கிட்டத்தட்ட நம் ஊர் கலெக்டர் மாதிரி.

நகரத்தின் தலைமை மேரிக்கு ஒத்தெல் து வீல் என்று பெயர். செய்ன் நதியின் வலது கரையில் இருக்கிறது. காவல் பிரிஃபெக்சர் நதிக்கு நடுவே, நோத்ர தாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில், சித்தே தீவில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பல நூற்றாண்டுப் பகை கிடக்கிறது. பிரான்ஸை யார் ஆண்டாலும், மன்னரோ பேரரசரோ குடியரசோ, தன் தலைநகரத்தைப் பார்த்து அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. பாரிஸ் மக்கள் சேர்ந்து ஒருவரைத் தலைவர் என்று நிறுத்திவிட்டால் அடுத்த நாள் தங்கள் நாற்காலி இருக்குமா என்ற பயம். அந்தப் பயம் வீணானதும் இல்லை. 1789 முதல் 1977 வரையிலான 188 ஆண்டுகளில் பாரிஸுக்கு மேயர் என்று ஒருவர் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 6 ஆண்டுகள்தான் தேறும். பிரான்ஸின் கடைக்கோடிக் கிராமத்துக்கெல்லாம் மேயர் இருந்தபோது தலைநகரத்துக்கு இல்லை.

இந்தப் பயத்தின் முதல் காரணத்தைத் தேடினால் ஒரு துணி வியாபாரியிடம் போய் நிற்க வேண்டும்.

இடைக்காலப் பாரிஸில் மேயர் என்ற பதவி கிடையாது. மன்னரின் அதிகாரி ஒருவர் ஷாத்லே கோட்டையில் இருந்துகொண்டு நீதியையும் காவலையும் பார்த்தார். நகரத்து வியாபாரிகளுக்கு வேறொரு தலைவர் இருந்தார், வணிகர் தலைவர் என்று சொல்லலாம். செய்ன் நதியில் சரக்குப் படகு விடும் உரிமை பெற்ற வணிகர் சங்கத்திலிருந்து உருவான பதவி அது. பாரிஸின் முத்திரையில் இன்றும் படகு இருப்பது இவர்களால்தான். தானியம், விறகு, திராட்சை மது எல்லாம் நதி வழியாக வந்த காலத்தில் படகைக் கையில் வைத்திருப்பவர் ஊரின் வயிற்றையே கையில் வைத்திருந்தார். அதனால் இந்த வணிகர் தலைவர் மெல்ல மெல்ல வரி, கரை, பாலம், தண்ணீர் என்று நகர நிர்வாகத்தையே பார்க்க ஆரம்பித்தார்.

1350களில் அந்தப் பதவியில் இருந்தவர் எத்தியென் மார்செல். 1356இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் ழானை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டு வயது இளவரசர் சார்ல் நாட்டைப் பார்க்க வேண்டிய நிலை. போருக்குப் பணம் வேண்டும், பணம் பாரிஸ் வணிகர்களிடம் இருந்தது. கணக்குக் கேட்காமல் பணம் இல்லை என்று மார்செல் நின்றார். 1357 மார்ச்சில் மன்னரின் செலவையும் அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகள் கண்காணிக்க வழி செய்யும் ஒரு பெரிய ஆணையை இளவரசரிடமிருந்து வாங்கினார்கள். அதே ஆண்டு மார்செல் நகரத்துக்காக ஒரு வீட்டையும் வாங்கினார். கிரேவ் திடலில் தூண்கள் வைத்த வீடு. இன்றைய ஒத்தெல் து வீல் அதே இடத்தில்தான் நிற்கிறது. (சரக்கு இறங்கும் அந்தத் திடலில்தான் பிற்காலத்தில் வேலை தேடுபவர்கள் கூடி நின்றார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிரெஞ்சில் ‘கிரேவ்’ என்று பெயர் வந்தது அதிலிருந்து. மெட்ரோ ஓடாத நாட்களில் பாரிஸ் தமிழர் வாயிலும் அந்தச் சொல்தான்.)

1358 பிப்ரவரி 22இல் மார்செல் ஆட்களோடு அரண்மனைக்குள் புகுந்தார். இளவரசரின் கண் முன்னாலேயே அவருடைய இரண்டு தளபதிகளை வெட்டிக் கொன்றார்கள். நடுங்கிக்கொண்டிருந்த இளவரசரின் தலையில் மார்செல் தன் தொப்பியை எடுத்து வைத்தார். சிவப்பும் நீலமும் கலந்த தொப்பி, பாரிஸின் நிறங்கள். உயிரைக் காப்பாற்றத்தான் வைத்தார் என்றாலும், ஒரு நாட்டின் வாரிசு துணி வியாபாரியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததை எந்த அரச குடும்பமும் மறக்காது. அதே ஆண்டு ஜூலை 31இல் நகர வாசலில் பாரிஸ்காரர்களே மார்செலைக் கொன்றார்கள். இளவரசர் நகருக்குள் திரும்பி வந்தார்.

ஒரு தலைமுறை கழித்து வரிக்கு எதிராக மீண்டும் கலகம். அதை அடக்கிய மன்னர் ஆறாம் சார்ல், 1383 ஜனவரியில் வணிகர் தலைவர் பதவியையே ஒழித்தார். 1412இல்தான் அது முழுமையாகத் திரும்பி வந்தது. கலகம், அடக்கல், பதவி ஒழிப்பு, பல காலம் கழித்துத் திருப்பிக் கொடுத்தல். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அடுத்த முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் வணிகர் தலைவர் பெரும்பாலும் மன்னரின் விருப்பத்துக்கு உரியவராகவே இருந்தார். தேர்தல் என்ற சடங்கு நடக்கும், பெயர் மேலிருந்து வரும். நீரூற்று கட்டினார்கள், கரை அமைத்தார்கள், 1533இல் தொடங்கிப் புதிய நகர மாளிகை கட்டினார்கள். 1667இல் காவலுக்குத் தனி அதிகாரியை நியமித்தார் பதினான்காம் லூயி. பாரிஸில் காவல் நகரத்தின் கையில் இல்லை, அரசின் கையில் என்ற ஏற்பாடு அங்கே உறுதிப்பட்டது.

1789 ஜூலை 14, பாஸ்தி சிறை விழுந்த நாள். கடைசி வணிகர் தலைவர் ஃப்ளெசெல், ஆயுதம் கேட்ட மக்களை ஏமாற்றினார் என்ற சந்தேகத்தில், நகர மாளிகையை விட்டு வெளியே வந்ததும் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அதே மாளிகையில் கூடியவர்கள் ஒரு புதிய பதவியை ஆரவாரத்தோடு அறிவித்தார்கள்: பாரிஸின் மேயர். அதில் உட்கார வைக்கப்பட்டவர் ழான் சில்வன் பாய்யி, ஒரு வானியலாளர்.

இந்த நீண்ட கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். தமிழ் வாசகர்களுக்கு அவரைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1760களில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பிய லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761இல் போர் காரணமாக அங்கே இறங்க முடியாமலும் 1769இல் மேகம் மறைத்ததாலும் இரண்டு முறையும் ஏமாந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு தமிழ்ச் சோதிடக் கணிதரிடம், சோழிகளை வைத்து கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, அந்த வாய்பாடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அவற்றை வைத்துக்கொண்டு 1787இல் இந்திய வானியல் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியவர் பாய்யி. கலியுகத் தொடக்கமான கி.மு. 3102இல் இந்தியர்கள் உண்மையிலேயே வானத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள் என்று வாதாடினார். அந்த வாதம் பின்னால் நிற்கவில்லை. ஆனாலும் பாரிஸின் முதல் மேயர், நம் பஞ்சாங்கக் கணக்கோடு மல்லுக்கட்டி இரவுகளைக் கழித்த மனிதர் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

பதவியேற்று இரண்டு நாள் கழித்து, ஜூலை 17இல், மன்னர் பதினாறாம் லூயி பாரிஸுக்கு வந்தார். பாய்யி நகரத்தின் சாவிகளைக் கொடுத்து வரவேற்றார். முன்பு நான்காம் ஆன்ரி மன்னர் தன் மக்களைத் திரும்ப வென்றார், இன்று மக்கள் தங்கள் மன்னரைத் திரும்ப வென்றிருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். பிறகு நகர மாளிகையில் பாரிஸின் நிறங்கள் கொண்ட பட்டுச் சின்னத்தை மன்னரிடம் நீட்டினார். மன்னர் அதை வாங்கித் தன் தொப்பியில் குத்திக்கொண்டார். 431 ஆண்டுகளுக்கு முன்னால் மார்செல் இளவரசரின் தலையில் வைத்த அதே சிவப்பு, நீலம்.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1791 ஜூலை 17. தப்பியோடப் பார்த்துப் பிடிபட்ட மன்னரை நீக்கக் கோரி ஷாம் து மார்ஸ் மைதானத்தில் மக்கள் கூடினார்கள். பாய்யி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். லஃபாயெத்தின் தேசியக் காவலர்கள் சுட்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. மக்களால் மேயரானவர் மக்களைச் சுட வைத்தவர் ஆனார். அந்த ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். 1793 நவம்பர் 12இல், உறைய வைக்கும் மழையில் அவரை அதே மைதானத்துக்குக் கொண்டுபோய், கொலைமேடையைக் கழற்றி வேறிடத்தில் மாட்டும் வரை காக்க வைத்துத் தலையை வெட்டினார்கள். “நடுங்குகிறாயே பாய்யி” என்று யாரோ கேலி செய்ய, “ஆமாம், குளிரால்” என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

பாய்யிக்கு அடுத்து வந்தவர் பெத்தியோன். 1791 நவம்பர் தேர்தலில் சுமார் 80,000 வாக்காளர்களில் பத்தாயிரம் பேர் அளவில்தான் ஓட்டுப் போட்டார்கள். பெத்தியோன் 6,700 ஓட்டுக்கு மேல் வாங்கி லஃபாயெத்தைத் தோற்கடித்தார். அப்புறம் அவரும் புரட்சியின் சுழலில் சிக்கித் தலைமறைவாகி, 1794இல் தெற்கே ஒரு வயல்வெளியில் பிணமாகக் கிடைத்தார். புரட்சிக் காலத்தின் கடைசி மேயர் ஃப்ளெரியோ-லெஸ்கோ, புரட்சியின் தீவிரத் தலைவர் ரொபெஸ்பியரின் ஆள். 1794 ஜூலை 28இல் ரொபெஸ்பியரோடு சேர்த்து அவரையும் வெட்டினார்கள். ஐந்து ஆண்டுகளில் இந்தப் பதவியில் இருந்தவர்களில் மூன்று பேர் இப்படிப் போனார்கள்.

ரொபெஸ்பியரைக் காப்பாற்ற அந்த இரவில் நகர மாளிகை நாடாளுமன்றத்துக்கு எதிராக எழுந்து நின்றதே, அதுதான் மேயர் பதவிக்கு முடிவு கட்டியது. மேயரை நீக்கினார்கள். அதோடு நிற்காமல் பாரிஸையே 12 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய நகராட்சி கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலை இருக்கக் கூடாது என்பதே நோக்கம். 1800இல் நெப்போலியன் அதை இன்னும் இறுக்கினார். செய்ன் மாவட்டத்துக்கு ஒரு பிரிஃபெக்ட், காவலுக்குத் தனியாக இன்னொரு பிரிஃபெக்ட். இருவரையும் அவரே நியமித்தார். அந்த 12 வட்டாரங்களுக்கும் மேயர் என்ற பெயரில் ஆட்கள் இருந்தார்கள், கல்யாணமும் பிறப்பும் இறப்பும் பதிவு செய்ய. அவர்களும் நியமனம்தான். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களை ‘பதின்மூன்றாம் வட்டார மேரியில் கல்யாணம் கட்டியவர்கள்’ என்று பாரிஸ்காரர்கள் சொல்வார்களாம், 13ஆம் வட்டாரமே இல்லாததால். 1860இல் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்து 20 வட்டாரங்கள் ஆனபோது, பணக்காரப் பஸ்ஸிக்கு 13 என்ற எண் விழ இருந்தது. இந்தப் பேச்சின் பின்னணி தெரிந்த பஸ்ஸிக்காரர்கள் ஒரே பிடியாக மறுத்தார்கள். எண்களை நடுவிலிருந்து நத்தை ஓடு போலச் சுற்றிக்கொண்டு போகும் முறை அப்படித்தான் வந்தது. பஸ்ஸிக்கு 16 கிடைத்தது, 13 தென்கிழக்குத் தொழிலாளர் பகுதிக்குப் போனது.

மேயர் இல்லாவிட்டாலும் நகர மாளிகையின் மந்திர சக்தி போகவில்லை. பிரான்ஸில் ஆட்சி மாற வேண்டுமானால் அந்த மாளிகைக்குப் போக வேண்டும் என்பது எழுதாத விதி ஆகிவிட்டது. 1830இல் லூயி பிலிப் மன்னராகும்போது லஃபாயெத் அவரை அணைத்துக்கொண்டது அந்த மாடத்தில்தான். 1848 பிப்ரவரியில் மன்னர் ஓடியதும் புரட்சியாளர்கள் அங்கேதான் போனார்கள். கார்னியே-பாஜெஸ் மேயர் என்று அறிவிக்கப்பட்டார். மார்ச்சில் அவர் நிதியமைச்சராகப் போக, மராஸ்த் வந்தார். ஜூனில் தொழிலாளர் எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. ஜூலையில் மேயர் பதவி மறைந்தது. மொத்தம் ஐந்து மாதம்.

அடுத்து ஓஸ்மான். 1853 முதல் 1870 வரை செய்ன் பிரிஃபெக்ட். இன்று உலகம் பாரிஸ் என்று பார்க்கும் அகலச் சாலைகள், ஒரே உயரக் கட்டடங்கள், பாதாளச் சாக்கடை, பூங்காக்கள் எல்லாம் அவர் காலத்தவை. பாரிஸை அடியோடு மாற்றிய மனிதரைப் பாரிஸ் மக்கள் ஒருநாளும் தேர்ந்தெடுக்கவில்லை. நகராட்சி மன்றம்கூட அப்போது நியமன மன்றம்தான். சாலைகள் அழகுதான், நானும் அவற்றில் நடந்து வியந்தவன்தான். ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகளைக் கேட்பாரில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1870 செப்டம்பர் 4. பிரஷ்யாவிடம் மூன்றாம் நெப்போலியன் தோற்றுப் பிடிபட்ட செய்தி வந்ததும் மீண்டும் அதே மாளிகை, மீண்டும் குடியரசு, மீண்டும் மேயர். இம்முறை எத்தியென் அராகோ, புகழ்பெற்ற வானியலாளர் ஃபிரான்சுவா அராகோவின் தம்பி. நவம்பரில் அவர் போக, ஜூல் ஃபெரி வந்தார். பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி முற்றுகையிட்ட குளிர்காலம் அது. ரொட்டிக்கு அளவு வந்தது, ஜனவரியில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம். குதிரை, பூனை, எலி எல்லாம் சந்தைக்கு வந்தன. காஸ்தோர், பொலுக்ஸ் என்ற இரண்டு யானைகளையும் வெட்டி விற்றார்கள். மக்களின் பசிக்கோபம் முழுவதும் மேயர் மேல் விழுந்தது. ‘பஞ்ச ஃபெரி’ என்று பெயர் வைத்தார்கள். வட்டாரங்களுக்கும் அந்த நவம்பரில் மக்களே மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்காலத்தில் முதல் உலகப் போரை நடத்திய பிரதமர் கிளெமான்சோ, அன்று மோன்மார்த்ர் அடங்கிய 18ஆம் வட்டாரத்தின் இளம் மேயர்.

1871 மார்ச் 18. மோன்மார்த்ர் குன்றிலிருந்த பீரங்கிகளை எடுக்க தியெரின் அரசு படையை அனுப்பியது. மக்கள் தடுத்தார்கள், சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். இரண்டு தளபதிகளைக் கூட்டம் சுட்டுக் கொன்றது. கிளெமான்சோ அவர்களைக் காப்பாற்ற ஓடிவந்தார், தாமதமாகிவிட்டது. அன்று இரவு ஃபெரி நகர மாளிகையைக் கடைசி ஆளாக விட்டு வெளியேறினார். பாரிஸ் தனக்கென ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது, அதுதான் பாரிஸ் கம்யூன். அவர்கள் மேயரை வைத்துக்கொள்ளவில்லை, குழுக்களாகவே ஆண்டார்கள். மே மாத இறுதியில் அரசுப் படை நகருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. மே 24இல் நகர மாளிகை எரிந்தது. பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளின் ஒரு பிரதி நகராட்சிக் கட்டடத்தில், இன்னொரு பிரதி நீதிமன்றத்தில். இரண்டும் அந்த வாரத்தில் எரிந்தன. 1860க்கு முந்தைய சுமார் 80 லட்சம் பதிவுகள் சாம்பலாயின. தன் பூட்டனின் பிறந்தநாளைத் தேடும் பாரிஸ்காரர்கள் இன்றும் அந்தத் தீயில் போய் முட்டிக்கொள்கிறார்கள். தொலைந்த ஆவணங்களைத் தேடி அலைந்த நம் மக்களுக்கு அந்த வலி புரியும்.

வெற்றி பெற்ற அரசு பழைய மருந்தையே கொடுத்தது. கம்யூன் இன்னும் இருந்தபோதே கொண்டுவந்த 1871 ஏப்ரல் சட்டப்படி பாரிஸுக்கு வட்டாரத்துக்கு நால்வர் வீதம் 80 பேர் கொண்ட மன்றம் உண்டு. மன்றத்துக்குத் தலைவரும் உண்டு. அவர் கூட்டத்தை நடத்துவார், விருந்தினருக்குக் கைகொடுப்பார். நிர்வாகம் பிரிஃபெக்டிடம், காவல் காவல் பிரிஃபெக்டிடம். 1884 ஏப்ரல் 5இல் வந்த பெரிய நகராட்சிச் சட்டம், பிரான்ஸ் முழுக்க ஊராட்சி மன்றங்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை நிலைப்படுத்தியது. பாரிஸை மட்டும் வெளியே விட்டது. அன்றைய பிரதமர் யார் தெரியுமா? ஜூல் ஃபெரி. பாரிஸின் கடைசி மேயராக இருந்து, அந்த இரவில் மாளிகையை விட்டு வெளியேறிய அதே ஃபெரி. அவர் எதைப் பார்த்தார், எதை மறக்கவில்லை என்பதை அந்தச் சட்டத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கு நெருங்கிய ஒரு கணக்கும் இருக்கிறது. 1880இல் பிரெஞ்சு இந்தியாவில் பத்து கம்யூன்கள், அதாவது நகராட்சிகள், ஏற்படுத்தப்பட்டன. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர், காரைக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் நகராட்சி மன்றமும் மேயரும். வாக்காளர் பட்டியல் ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தது. அதில் நீதி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் பாகூருக்கு மேயர் இருந்தபோது பாரிஸுக்கு இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் மக்கள் மேரி என்றே சொல்லும் வெள்ளைக் கட்டடம் 1870, 71 வாக்கில் கட்டப்பட்டது, பாரிஸ் மேரி எரிந்த அதே காலம். 2014 மழையில் அது இடிந்து விழுந்தபோது அந்த ஊர்க்காரர்கள் பட்ட வருத்தம் எனக்குத் தெரியும். பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

மேயர் இல்லாத பாரிஸில் பிரிஃபெக்டின் பெயர்தான் மக்கள் வாயில் நின்றது. ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் மூடி போட்ட குப்பைத் தொட்டி வைக்க வேண்டும் என்று 1883இல் ஆணையிட்ட செய்ன் பிரிஃபெக்டின் பெயர் பூபெல். அன்றிலிருந்து பிரெஞ்சில் குப்பைத் தொட்டிக்கே பூபெல் என்றுதான் பெயர்.

காவல் பிரிஃபெக்டின் கதை அவ்வளவு சுகமானது இல்லை. 1961 அக்டோபர் 17 இரவு, அல்ஜீரியர்கள் மீது விதித்த ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்தவர்களைப் பாரிஸ் காவல்துறை அடித்துக் கொன்றது. பலரை செய்ன் நதியில் வீசியது. அப்போதைய காவல் பிரிஃபெக்ட் மொரிஸ் பப்போன். இறந்தவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டும் என்று சொல்லும் வரலாற்றாய்வாளர்கள் உண்டு. நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்தின் பெயரால் போய்க் கேள்வி கேட்க ஒருவர் இருந்திருப்பார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2001 அக்டோபர் 17இல், காவல் பிரிஃபெக்சருக்கு எதிரே சேன் மிஷெல் பாலத்தில் நினைவுப் பலகை வைத்தவர் பாரிஸ் மேயர். மேயர் என்று ஒருவர் இருப்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

சரி, அந்த மேயர் எப்படித் திரும்பி வந்தார்? 1960களிலும் 70களிலும் பாரிஸின் நடுச் சந்தையான லே ஆல் ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது, அதன் இரும்பு மண்டபங்கள் இடிக்கப்பட்டன, நகரின் நெஞ்சில் ஒரு பெரிய பள்ளம் வருடக்கணக்கில் கிடந்தது. மோன்பர்னாஸ் கோபுரம் எழுந்தது. எல்லாவற்றிலும் மேலிடத்தின் கை. 1974இல் குடியரசுத் தலைவரான ஜிஸ்கார் தெஸ்தேன், பாரிஸ்காரர்களும் மற்ற பிரெஞ்சுக்காரர்களைப் போல முழுக் குடிமக்களாக வேண்டும் என்று முடிவெடுத்தார். 1975 டிசம்பர் 31 சட்டம் 109 பேர் கொண்ட மன்றத்தையும், அந்த மன்றம் தேர்ந்தெடுக்கும் மேயரையும் கொண்டுவந்தது. நூறு ஆண்டுப் பயத்தை ஒரு குடியரசுத் தலைவர் தானாகவே இறக்கி வைத்தது பெரிய காரியம். அந்த நாற்காலிக்குத் தன் அமைச்சர் மிஷெல் தோர்னானோ வருவார் என்பதும் அவர் கணக்கு.

கணக்கு தப்பியது. ஜிஸ்காரோடு முரண்பட்டு 1976 ஆகஸ்டில் பிரதமர் பதவியை விட்டு விலகிய ழாக் ஷிராக், 1977 ஜனவரியில் தானும் போட்டி என்று அறிவித்தார். மார்ச்சில் ஜெயித்தார். பதினெட்டு ஆண்டுகள் அசையாமல் இருந்தார். 1983இலும் 1989இலும் 20 வட்டாரங்களையும் அவர் அணியே பிடித்தது. இடையில் 1982இல் சோசலிஸ்ட் அரசு பாரிஸை 20 தனி நகராட்சிகளாக உடைக்கும் யோசனையைக் கொண்டுவந்தது. பாரிஸை 12 துண்டுகளாக்கிய 1795இன் வாடை அதில் அடித்தது. ஷிராக் போட்ட கூச்சலில் அது சுருங்கி, மன்றம் 163 பேராகவும், வட்டாரங்களுக்குச் சிறிய அதிகாரத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்களாகவும் முடிந்தது. இன்று லா ஷப்பெல் பகுதித் தமிழர்கள் 10ஆம், 18ஆம் வட்டார மேரிகளில் பார்க்கும் மேயர்கள் இந்த ஏற்பாட்டில் வந்தவர்கள்.

நகர மாளிகை ஷிராக்குக்கு ஒரு கோட்டையாக இருந்தது. அங்கிருந்தே 1986இல் மீண்டும் பிரதமர் ஆனார், 1995இல் குடியரசுத் தலைவரும் ஆனார். அந்தக் கோட்டையில் கட்சி ஆட்களுக்கு நகராட்சிச் சம்பளம் போன வழக்கில் 2011 டிசம்பரில் அவருக்கு இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பழைய அரசுகள் பயந்ததும் இதற்குத்தான். பாரிஸைப் பிடித்தவர் நாட்டைப் பிடிப்பார் என்ற பயம். ஷிராக் அதைக் கலகம் இல்லாமல், தேர்தல் வழியாகச் செய்து காட்டினார்.

அவருக்குப் பின் ழான் திபெரி. 2001இல் இடதுசாரியான பெர்த்ரான் தெலனோவே வந்தார், சேன் மிஷெல் பாலத்துப் பலகை அவர் வைத்ததுதான். 2007இல் வாடகை சைக்கிள் திட்டத்தைத் தொடங்கினார். 2014இல் ஆன் இதால்கோ, ஸ்பெயினில் பிறந்து பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பெண், பாரிஸின் முதல் பெண் மேயர். அவர் காலத்தில் பாரிஸின் பழைய கட்டுகள் சில அவிழ்ந்தன. 2017 பிப்ரவரிச் சட்டம் போக்குவரத்து போன்றவற்றில் காவல் பிரிஃபெக்டிடம் இருந்த சில அதிகாரங்களை மேயருக்கு மாற்றியது. 2019இல் நகரமும் மாவட்டமும் ஒரே அமைப்பாகின. 2021இல் நகராட்சிக் காவல் படை வந்தது. ஒரு சின்ன ஊர் மேயருக்குக்கூட முன்பே இருந்த அதிகாரம் இது.

இன்றும் மேயரின் அதிகாரம் 105 சதுர கிலோமீட்டருக்குள்தான். சுற்றுச் சாலைக்கு அந்தப் பக்கம் வேறு நகராட்சிகள், வேறு மேயர்கள். மெட்ரோ ரயிலை அவர் நினைத்தபடி ஓட்ட முடியாது, அது பிராந்திய அமைப்பின் கையில். ஒழுங்கு காப்பது இன்னும் காவல் பிரிஃபெக்டின் வேலை. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, மன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தால் பாரிஸ் வாக்காளர் வட்டாரத்துக்கு ஒரு சீட்டு, நகர மன்றத்துக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக ஓட்டுப் போடும் முறை வந்திருக்கிறது. முன்பு ஒரே ஓட்டு இரண்டுக்கும் போகும், அதனால் எந்த வட்டாரத்தில் வாழ்கிறோம் என்பதே ஓட்டின் எடையைத் தீர்மானித்தது.

ஷிராக் 1990இல் ஒரு வாக்குறுதி கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் செய்ன் நதியில் சாட்சிகள் முன்னால் குளித்துக் காட்டுவேன் என்றார். குளிக்கவில்லை, நதி அதற்குத் தயாராகவில்லை. 2024 ஒலிம்பிக்கிற்குச் சில நாட்கள் முன்னால், நகர மாளிகைக்குப் பக்கத்தில், இதால்கோ அந்தத் தண்ணீரில் இறங்கினார். தேதி ஜூலை 17. பாய்யி மன்னருக்குப் பாரிஸின் நிறங்களை நீட்டிய நாள். அவரோடு சேர்ந்து நீந்தியவர்களில் ஒருவர், அரசு நியமித்த அந்தப் பிராந்தியத்தின் பிரிஃபெக்ட்.